நான்காவது சரணம்

எங்கள் தொழிலாளர் குடியிருப்பின் எட்டாம் லைனில் முதல் தடவை பகலில் இருட்டியபோது பக்கத்து வீட்டு ரத்தினம்மா முறத்தில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள், என் மனைவி கமலி குழாயடியில் குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து தகரக் கூரைக்குக் கீழே வியர்வையில் புரண்டுகொண்டிருந்தேன். மூன்று பேருமே மழை வருகிறது என்றுதான் நினைத்தோம். ரத்தினம்மா முறத்தை உள்ளே எடுத்து வைத்தாள், கமலி கொடியில் கிடந்த துணிகளை உருவினாள். அப்புறம் கோழிகள் ஒவ்வொன்றாகக் கூடைக்குள் போய் உட்கார்ந்தன, சாக்கடையோரம் அந்திமந்தாரை பூத்தது, வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லாமல் நட்சத்திரம் ஒன்று தெரிந்தது. காலை பத்தே முக்கால்.

இருட்டு எங்கள் லைனுக்கு மட்டும்தான். ஏழாம் லைனில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே சாயத்தில் முக்கியெடுத்த துணி மாதிரி ஒரு கோடு இருந்தது. பிள்ளைகள் அந்தக் கோட்டில் ஒரு காலைப் பகலிலும் ஒரு காலை ராத்திரியிலும் வைத்துக்கொண்டு நின்றார்கள். எது சூடு, எது குளிர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

லைனின் கடைசி வீட்டு வாசற்படியில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் புருசன் சாமுவேலுடைய கிட்டார். பாடிக்கொண்டிருந்தாள்.

சாமுவேலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் தங்கம் எடுக்கிற ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் தோண்ட ஆரம்பித்து, தோண்டத் தோண்டத் தங்கம் கீழே கீழே போய்க்கொண்டே இருக்க, நாங்களும் விடாமல் அதன் பின்னாலேயே போனோம். குழியின் அடியில் பாறையைத் தொட்டால் அடுப்பில் வைத்த கல் மாதிரி சுடும். சாமுவேலு கீழே மரம் முட்டுக்கொடுக்கிற வேலை, நான் மேலே வைண்டிங் இன்ஜின் டிரைவர், அதாவது ஆட்களைக் கூண்டில் இறக்கி ஏற்றுகிறவன். ஏழு வருசம் அவனை ராத்திரி இறக்கிக் காலையில் ஏற்றியிருக்கிறேன். இறங்கும்போது ஒவ்வொருவனும் குழி வாயருகே இருக்கிற பலகையில் தன் நம்பர் ஆணியிலிருந்து பித்தளைப் பில்லையைக் கழற்றிக்கொண்டு போகவேண்டும், ஏறி வந்ததும் திரும்ப மாட்டவேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சாமுவேலுடையது நானூற்றுப் பதினேழு.

ஏழு வருசம் இருட்டில் வேலை செய்து அவனுக்கு வெளிச்சம் ஆகாமல் போயிற்று. கூண்டு மேலே வரும்போதே முழங்கையால் கண்ணை மூடிக்கொள்வான். "மச்சான், உன் சூரியனக் கொஞ்சம் கொறைச்சு வெய்யி, இன்னா இந்தப் போடு போடுது" என்று என்னைத் திட்டுவான், ஏதோ அதுவும் என் இன்ஜினில் ஒரு கைப்பிடி மாதிரி. எஸ்தர் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கோணிச் சாக்கு தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். அந்தச் சாக்கின் இருட்டில் உட்கார்ந்துதான் அவன் கிட்டார் வாசிப்பான். ஆபீசில் தங்கத்தை உரசிப் பார்க்கிற வேலையிலிருந்த ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், ஊரை விட்டுப் போகும்போது அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு கம்பியில் ஒன்று அறுந்ததை அவன் மாற்றவே இல்லை. அவன் பாட்டு ஒப்பாரியும் இல்லை, கோயில் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. ஒரு வரியைச் சொல்லுவான், அதையே இன்னொரு தடவை சொல்லுவான், மூன்றாவதாகத்தான் விஷயத்துக்கு வருவான். "ஏன்டா சொன்னதையே சொல்ற, எங்களுக்கு இன்னா காது டமாரமா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"மைனுக்குள்ள அப்படித்தான் மச்சான். மொதல் வரி நான் பாடறேன். ரெண்டாவது பாற பாடுது. மூணாவதுதான் நானும் அதுவும் பேசிக்கிறது."

ஒரு புதன்கிழமை விடிகாலையில் கீழே ஏர் பிளாஸ்ட் ஆயிற்று. பாறை தன் பாரம் தாங்காமல் வெடிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் அடுக்குப் பானைகள் ஆடினால் குழியில் யாருக்கோ போய்விட்டது என்று தெரியும், பெண்கள் குழி வாய்க்கு ஓடுவார்கள். அன்றைக்கு ஐந்து பேர். நான்கு பேரைக் கொண்டுவந்தோம், நான்கு பில்லைகளை அவரவர் வீட்டு ஆட்கள் ஆணியில் மாட்டினார்கள். சாமுவேலு கிடைக்கவில்லை. ஒரு மாதம் தேடிவிட்டு அந்தப் பக்கத்தைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆபீஸ் புத்தகத்தில் அவன் பேரை அடித்தார்கள். ஆணியை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. வேறு யாரும் அந்த நம்பரை வாங்கவும் இல்லை. காலி ஆணி நானூற்றுப் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் விழுந்த பல் மாதிரி இருந்தது.

மூன்று மாதம் கழித்துத்தான் எஸ்தர் கிட்டாரை எடுத்தாள். மெட்டு அவனுடையது, சொல் இவளுடையது.

*கோழிய மூடிட்டேன் மாமா, கூவ விடவே இல்ல,*
*கோழிய மூடிட்டேன் மாமா, கூவ விடவே இல்ல,*
*பொழுது விடிஞ்சத உனக்கு யாரும் சொல்லவே இல்ல.*

இதற்குச் சாயங்காலம் ஆனது.

*அடுப்ப அணைச்சிட்டேன் மாமா, அனலும் இல்ல பாரு,*
*அடுப்ப அணைச்சிட்டேன் மாமா, அனலும் இல்ல பாரு,*
*கண்ணு கூசும்னு சொன்னியே, கங்கு கூட இல்ல பாரு.*

இதற்கு விளக்கு வைக்கிற நேரம் ஆனது.

*சூரியனக் கேட்டுக்கினேன் மாமா, சித்த ஒதுங்கச் சொல்லி,*
*சூரியனக் கேட்டுக்கினேன் மாமா, சித்த ஒதுங்கச் சொல்லி,*
*ஒதுங்கி நிக்குது மாமா, உன் ஒத்த வார்த்த வேண்டி.*

இதற்கு ஊர் சாப்பிட்டு முடித்த நேரத்து இருட்டு வந்தது. அவள் நான்காவதுக்கு வாயைத் திறந்தபோது ரத்தினம்மா இருட்டில் தடவிக்கொண்டே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துவிட்டாள். "போதும்மே எஸ்தரு! மூணுக்கே இந்தக் கதின்னா நாலுக்கு இன்னா ஆவும்? வெளிச்சம் திரும்பி வராமப் போனா யாரு கையில கால்ல வுழுந்து கேக்கறது?"

எஸ்தர் வாயை மூடிக்கொண்டாள். ஷிப்டு மாறுகிற இரண்டு மணிச் சங்கு ஊதியபோது வெளிச்சம் வந்தது. ஏன் சங்குக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் சோறு, தூக்கம், சண்டை எல்லாமே சங்குக்குத்தான்.

மறுநாளும் பாடினாள், மறுநாளும் இருட்டியது. ஒரு வாரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வடகம், அரிசி, துணி, பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாடம் என்று பகலோடு சம்பந்தப்பட்டவர்கள் ஒரு பக்கம். ராத்திரி ஷிப்டுக்காரர்கள் ஒரு பக்கம். ஏனென்றால் நாங்கள் தூங்கினோம். வருசக்கணக்காக நாங்கள் தூங்கியதே இல்லை. தகரக் கூரை காய்கிற மத்தியானத்தில், தெருவில் பாத்திரக்காரன் கூவ, பிள்ளைகள் கோலி ஆட, கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக வெயில் அடிக்க, நாங்கள் படுத்திருப்போமே தவிரத் தூங்கினதில்லை. அந்தத் தூக்கமில்லாத கண்ணோடு கீழே போய்க் கை நசுக்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர். எஸ்தர் பாட ஆரம்பித்தபின், முதல் சரணத்தில் என் முழங்கால் தளரும், இரண்டாவதில் தோள் இறங்கும், மூன்றாவது முடிவதற்குள் கிணற்றில் போட்ட கல் மாதிரிப் போய்விடுவேன். அப்படி ஒரு தூக்கம். ஆறாம் லைன், மூன்றாம் லைன் ஆட்களெல்லாம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் தெருவில் வரிசையாகப் படுத்தார்கள். இருட்டில் ஒருவர் குறட்டையை ஒருவர் அடையாளம் கண்டு சிரித்தார்கள்.

சங்கத்தில் பஞ்சாயத்து வைத்தார்கள். லீடர் சிங்காரம் பெரிய நோட்டில் எழுதினார்: ஞாயிறு நீங்கலாகத் தினமும் காலை பத்தரை மணிக்கு மேல் எஸ்தர் மூன்று சரணம் பாடலாம், நான்காவது சரணம் பாடக்கூடாது, பரீட்சை நாட்களில் இரண்டு சரணம் மட்டும், வடகம் காயப் போட எட்டாம் லைன் பெண்களுக்கு ஏழாம் லைனில் இடம் தரவேண்டும். கை தூக்கச் சொன்னார். எல்லாரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். எஸ்தர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார் லீடர். அவள் எங்கள் தூக்கின கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

பதினோரு வருசம் அப்படி ஓடிற்று. பிள்ளைகள் அந்த இருட்டில் பிறந்து, ஏழாம் லைனில் ராத்திரி ஒரு தடவைதான் வரும் என்று தெரிந்தபோது அந்த லைன் பிள்ளைகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். காதலிக்கிறவர்கள் பத்தரைக்கு மேல் குழாயடியில் சந்தித்தார்கள். ஒருமுறை இரண்டு மணிச் சங்கு ஐந்து நிமிடம் முன்னதாக ஊதிவிட, இரண்டு கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்திமந்தாரை நாளைக்கு இரண்டு தடவை பூத்தது. வெளியூரிலிருந்து வருகிற மாப்பிள்ளைகளுக்கு, "எங்க லைன்ல கரண்டு போவாது, சூரியன்தான் போவும்" என்று மைத்துனர்கள் சொல்லி வைத்தார்கள்.

பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சிங்காரம் அது முதலாளிக்கு எதிரான பாட்டு என்றார், சூரியனை ஒதுங்கச் சொல்கிறாளே, அப்புறம் என்ன என்றார். ஃபாதர் அது துக்க வெள்ளிக்கிழமைப் பாட்டு என்றார். தாய்மார்கள் அது தாலாட்டு என்றார்கள், மாமா என்பது சும்மா மெட்டுக்கு என்றார்கள். ரத்தினம்மா மட்டும், "யாரோ வெச்ச செய்வின, ஆனா நல்ல செய்வின" என்றாள். எனக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. மூன்றாவது சரணம் முடிவதற்குள் நான் தூங்கிவிடுவேன். அவள் துக்கத்தைப் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு பதினோரு வருசம் தூங்கியிருக்கிறேன், ஒரு நாளும் அது யாருடைய போர்வை என்று கேட்டதில்லை.

அப்புறம் தங்கம் எங்கள் கை எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. குழியை மூடப்போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தண்ணீர் இறைக்கிற பம்புகளை நிறுத்தினார்கள், தண்ணீர் ஒவ்வொரு மட்டமாக ஏறிற்று, கடைசி ஆட்கள் ஏறி வந்து பில்லைகளை மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழி வாயில் கான்கிரீட் பலகை போடுவார்கள் என்றார்கள். புதன்கிழமை, பாடி முடித்த இருட்டில், என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். கமலி திறந்தாள். எஸ்தர்.

"அண்ணே, எழுந்திருங்க. தூங்கினதெல்லாம் போதும்."

எழுந்து உட்கார்ந்தேன். முதல் நாளை விட்டால், பதினோரு வருசத்தில் அந்த இருட்டில் நான் விழித்திருந்தது அதுதான் முதல் தடவை.

"வெள்ளிக்கெழம நாலாவது சரணம் பாடணும்ணே. நீங்க கூண்டக் கீழ எறக்கி வெக்கணும்."

"கீழ யாருமே இல்லியேம்மா. தண்ணி ஏறிகினு வருது. வெறும் கூண்ட எதுக்கு எறக்கறது?"

அவள் உள்ளே வந்து உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். அப்புறம் கேட்டாள், "நான் ஒரு வரிய எத்தினி தடவ பாடறேன்?"

"ரெண்டு தடவ. சாமுவேலு மாதிரி."

"நான் ஒரு தடவதாண்ணே பாடறேன். ரெண்டாவது தடவ பாடறது நானில்ல."

கமலி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் பதினோரு வருசத்துப் பாட்டையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் வரி வாசற்படியிலிருந்து வரும். இரண்டாவது வரி கொஞ்சம் தடித்து, கொஞ்சம் கல் உரசினாற்போல், தரையிலிருந்து வரும். படுத்திருக்கிறவனின் முதுகுக்கு அது கேட்கும். அதுதான் எங்களைத் தூங்க வைத்தது. காதால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"மொத மொத ரொம்ப ஆழத்துல இருந்துச்சு. தண்ணி வராத கொழாயில காத வெச்சுத்தான் கேப்பேன். ஒவ்வொரு சரணத்துக்கும் மேல மேல ஏறி வராரு. மூணாவதுக்கு முக்கா வழி வந்துடறாரு. அதுக்கு மேல இருட்டு பத்தல. வெளிச்சத்துல அவரால ஏற முடியாது, உங்களுக்குத் தெரியும். முக்கா வழி வந்து நின்னு பாக்கறாரு, சங்கு ஊதுது, திரும்பி எறங்கிப் போறாரு. நான் உங்கள தூங்க வெக்கவாண்ணே பாடினேன்? அவர ஏத்தப் பாடினேன்."

"ஏம்மா இத மொதல்லயே சொல்லல?"

"யாரு கேட்டீங்க?" என்றாள் எஸ்தர். கோபமாகச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலமே சங்கத்தில் கூடினோம். சிங்காரம் அந்தப் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நான்காவது சரணத்துக்கு அப்புறம் வெளிச்சம் வராவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். பிள்ளைகள் இருக்கிறார்களே என்றார் ஒருவர். இனி ஷிப்டே இல்லை, இருட்டே தேவையில்லை என்றார் இன்னொருவர், ராத்திரி ஷிப்டுக்காரர்தான், பதினோரு வருசம் எங்கள் தெருவில் பாய் போட்டவர். யாரும் எஸ்தர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுந்து பேசத் தெரியாமல், பலகையில் ஒரு ஆணி காலியாக இருக்கிறது, ஆணி காலியாக இருக்கும்போது குழியை மூடுகிற வழக்கம் நம்மிடம் உண்டா என்று மட்டும் கேட்டேன். 

ரத்தினம்மா எழுந்தாள். முதல் நாள் எஸ்தர் கையைப் பிடித்து நிறுத்தியவள் அவள்தான். "பதினோரு வருசமா என் வடகம் என் வாசல்ல காயல. ஏழாம் லைன்காரிங்க பாதியத் திருடித் துண்ணுட்டாளுங்க. நான் செத்தா பூட்டேன்? வெளிச்சம் வந்தா வருது, வராங்காட்டி இருட்டுல வடகம் காய வெக்கக் கத்துக்கறேன். அந்தப் புள்ள கைய நான் புடிச்சேன், நானே வுட்டுடறேன். பாடட்டும்."

சிங்காரம் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூண்டை வெறுமனே இறக்கி, தண்ணீருக்கு மேலே இருந்த கடைசி மட்டத்தில் நிறுத்தினேன். எட்டாம் லைனில் மட்டுமில்லை, எல்லா லைனிலும் அடுப்பை அணைத்தார்கள், பீடியை அணைத்தார்கள், கோயிலில் ஃபாதர் பீடத்து விளக்கை அணைத்தார், அம்மன் கோயிலில் பூசாரி இரண்டு நிமிடம் அம்மனிடம் பேசிவிட்டு அணைத்தார். இன்ஜின் வீட்டில் நான் மெயின் லைட்டை அணைத்துக் கைப்பிடியில் கை வைத்து உட்கார்ந்தேன்.

முதல் சரணத்துக்கு வழக்கம்போல் லைனில் மட்டும் சாயங்காலம் ஆனது, ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. யாரும் கையைப் பிடிக்கவில்லை. எஸ்தர் பாடினாள், அரை பர்லாங்கு தள்ளியிருந்த எனக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி கேட்டது:

*வழி இருட்டா கீது மாமா, வந்துடு மேல.*

இருட்டு லைனைத் தாண்டி வந்தது. ஏழாம் லைனை மூடி, ஆறை மூடி, பள்ளிக்கூடத்தை, ஆஸ்பத்திரியை, குழியின் மேலிருக்கிற பெரிய சக்கரத்தை மூடி, இன்ஜின் வீட்டுக்குள் வந்து என் கையை மூடிற்று. ராத்திரியில்கூட அப்படி இருட்டு நான் கண்டதில்லை. அது கீழே இருக்கிற இருட்டு. விளக்கு அணைந்துபோன சுரங்கத்தில் நிற்கிறவன் பார்க்கிற இருட்டு.

அந்த இருட்டுக்குள்ளிருந்து, குழியின் தொண்டையிலிருந்து, கல் உரசினாற்போல் இரண்டாவது வரி வந்தது:

*வழி இருட்டா கீது மாமா, வந்துடு மேல.*

அவன் தன்னையே மாமா என்று கூப்பிட்டுக்கொண்டான். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் திருப்பிச் சொன்னான், பாறையிடம் கற்றது.

பிறகு மணி அடித்தது. எங்கள் குழியில் மூன்று மணி, நிதானமாக, இடைவெளி விட்டு அடித்தால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம். மணி அடித்தபின் டிரைவர் யோசிக்கக்கூடாது. நான் யோசிக்கவில்லை. இருபது வருசம் கயிறு பிடித்த கைக்குக் கூண்டின் கனம் தெரியும்: வெறும் கூண்டா, இரண்டு ஆளா, இருபது ஆளா. ஒரு ஆள் கனம். கொஞ்சம் ஈரத்தோடு ஒரு ஆள். கூண்டு குழி வாய்க்கு வந்ததைத் தெரிந்துகொள்ள இன்ஜின் சக்கரத்தில் நான் செதுக்கி வைத்திருந்த அடையாளத்தை விரலால் தடவிக்கொண்டே சுற்றினேன், என் கண்ணில் தண்ணீர் ஓடிற்று, அதைப் பார்க்க அங்கே வெளிச்சமில்லை. அடையாளம் விரலில் தட்டியதும் நிறுத்தினேன். சுவரைத் தடவித் தடவிக் குழி வாய்க்குப் போய்க் கூண்டின் கதவைத் திறந்தேன். நனைந்த கல்லின் வாசனை அடித்தது. அப்போது எஸ்தர் மூன்றாவது வரியைப் பாடினாள்.

*மொகத்தக் காட்ட வேணாம் மாமா, கைய மட்டும் குடு.*

ஒரு கை வந்து என் கையைத் தேடிற்று. சில்லென்று, ஊறிப்போய், உள்ளங்கையில் மரம் பிடித்த காய்ப்போடு ஒரு கை. அது என் விரல்களைப் பிரித்து, உள்ளே ஒரு பித்தளைப் பில்லையை வைத்து, மூடி, ஒரு தட்டுத் தட்டியது.

"சூரியனக் கொறைச்சிட்டியே மச்சான்" என்றது குரல்.

"நான் இல்லடா" என்றேன். "உன் பொண்டாட்டி."

ரப்பர் பூட்சுக்குள் தண்ணீர் கலகலக்க அவன் நடந்து போனான். லைனில் எல்லாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தார்கள் என்று கமலி பிற்பாடு சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் சத்தம் வந்து, தாண்டிப் போயிற்றாம். ரத்தினம்மா இருட்டில் கையை நீட்டி ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருக்க, யாரோ வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். கடைசி வீட்டில் கதவு மூடுகிற சத்தம் கேட்டதாம்.

நான் பலகையருகே போனேன். விளக்கு இல்லாமலே எண்ணினேன். நானூற்றுப் பதினாறு. பதினெட்டு. நடுவில் இருந்த ஆணியில் மாட்டினேன்.

இரண்டு மணிச் சங்கு ஊதிற்று. வெளிச்சம் வந்தது. எல்லா லைனுக்கும், குழிக்கும், எனக்கும் வந்தது. எஸ்தர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஊரெல்லாம் பரவியிருந்த இருட்டு பின்வாங்கிப் பின்வாங்கி அந்த ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது. நட்ட நடு வெயிலில் அதன் ஜன்னல் கருப்பாக இருந்தது, சாக்குகூட இல்லாமல். குழி வாயிலிருந்து அதன் படிவரைக்கும் ஈரக் கால்தடம், ஒரு வழி மட்டும். யாரும் கதவைத் தட்டவில்லை. சாயங்காலம் பெரிய இன்ஜினியர் வந்து பலகையைப் பார்த்தார். ஒரு ஆணியும் காலியில்லை. கையெழுத்துப் போட்டார். கான்கிரீட் பலகையை வைத்து மூடினார்கள்.

அதன் பிறகு எட்டாம் லைனில் பகலில் இருட்டவில்லை. வேலையும் இல்லை. ஆட்கள் ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டு பெங்களூர் ரயில் ஏறினார்கள். நானும் ஏறினேன். இப்போது இருபத்திரண்டு மாடி அடுக்கு வீடு ஒன்றில் ராத்திரிக் காவல். லிப்டு ஆட்களைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்கிறது, மணிக்குக் காத்திருப்பதில்லை. பகலில் எங்கள் அறையில் கமலி கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து மாட்டியிருக்கிறாள். படுத்திருக்கிறேன். தரையில் முதுகை வைத்து, காது வேலை செய்யாத விதமாக, முதுகால் கேட்டுப் பார்க்கிறேன். கீழே கார் நிறுத்துகிற இடம்தான் இருக்கிறது.

அதனால் மாதத்துக்கு ஒரு தடவை, ஷிப்டு முடிந்த கையோடு காலை ரயில் பிடித்துப் போகிறேன். லைனில் ரத்தினம்மாவும் இன்னும் நாலைந்து பேரும்தான் மிச்சம். அவள் வடகம் இப்போது அவள் வாசலிலேயே காய்கிறது. காய்ந்ததில் ஒரு கிண்ணம் எடுத்துப்போய் அந்தக் கருப்பு ஜன்னலில் வைப்பாள், ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளுமாம்.

"யாரு கையி? அவளா, அவனா?"

"இருட்டுல எது தெரியுது? போன தடவ உப்பு கம்மின்னு உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அது ஆம்பளதான். பொம்பள இன்னொருத்தி சமையலக் கொற சொல்ல மாட்டா, நாளைக்கு வேணுமில்ல."

போன மாதம் போனபோது நல்ல வெயில். எஸ்தர் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே ஐந்து கம்பிக் கிட்டார் லேசாகக் கேட்டது. பெண் குரல் ஒரு வரி சொல்ல, ஆண் குரல் அதையே சொல்ல, மூன்றாவதை இரண்டும் சேர்ந்து சொல்லின. ஐந்தாவது சரணம் என்று நினைக்கிறேன். சொல் எதுவும் பிடிபடவில்லை, பிடிக்கவும் நான் முயலவில்லை, அது தெருவுக்கான பாட்டு இல்லை. சங்கடப்பட்டுக்கொண்டு, "எஸ்தரம்மா, பதினோரு வருசம் கேக்காம இருந்துட்டேன்" என்றேன் சுவரிடம். பாட்டு நிற்கவில்லை. என் முழங்கால் தளர்ந்தது, தோள் இறங்கிற்று.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ரத்தினம்மா முறத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானமெல்லாம் வெயில் என் முகத்தில்தான் அடித்திருக்கவேண்டும், ஆனால் அடிக்கவில்லை. எனக்கு மேலே, ஜன்னலிலிருந்து, பழைய கோணிச் சாக்கு ஒன்றை யாரோ இறக்கிவிட்டிருந்தார்கள்.